துருவ நட்சத்திரம் தெரியாத ஊரில் தொலைநோக்கிக்குத் திசை சொல்லிக் கொடுப்பது: தானியங்கி அலைன்மென்ட் கருவிக்கு முழுமையான வழிகாட்டி

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு களத்தில் தொலைநோக்கியை நிறுத்திவிட்டு வடக்கே பாருங்கள். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 9 டிகிரி அளவுக்குத்தான் எழும்பும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது மறைக்கும் உயரமே சுமார் 10 டிகிரி. அந்த உயரத்தில் நமக்கு இருப்பவை பனைகளும், தென்னைகளும், வயலுக்கு நடுவே மோட்டார் அறையும், அடுத்த ஊர் விளக்குகள் கிளப்பும் மங்கலும்தான். தொலைநோக்கியோடு வரும் கையேடோ துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும் நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டது. அதை வரிக்கு வரி பின்பற்றினால் நம் ஊரில் முதல் படியிலேயே நின்றுவிடுவோம்.

கணினி பொருத்திய தொலைநோக்கி, அதாவது பட்டனை அழுத்தினால் சனிக்கோளுக்குத் தானே திரும்பும் கோடூ வகை, தொடங்கும்போது எதையும் அறியாது. எந்த ஊரில், எந்தத் திசை பார்த்து நிற்கிறோம் என்பதை ஒவ்வொரு இரவும் அதற்குச் சொல்லித் தர வேண்டும். அதுதான் அலைன்மென்ட். வழக்கமான முறையில் இரண்டு மூன்று நட்சத்திரங்களை நாமே அடையாளம் கண்டு, ஒவ்வொன்றையும் ஐபீஸின், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸின், நடுவில் கொண்டுவந்து பட்டனை அழுத்துவோம். பழகியவருக்குப் பத்து நிமிடம். புதியவருக்கு அரை மணி நேரம் போகும், அதற்குள் மேகம் வந்துவிடும். பள்ளி மைதானத்தில் அறுபது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அலைன்மென்ட்டைத் தானே செய்துகொள்ளும் துணைக்கருவியை நான் முழு மனதோடு பரிந்துரைப்பதற்குக் காரணம் அந்த வரிசைதான்.

கருவி என்ன செய்கிறது

தொலைநோக்கியின் முதுகில் சின்ன கேமரா ஒன்று உட்காரும். மவுண்ட், அதாவது குழாயைத் தாங்கி மோட்டாரால் திருப்பும் பகுதி, தானாகவே வானத்தின் சில இடங்களுக்குத் திரும்ப, கேமரா ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம் எடுக்கும். படத்தில் உள்ள நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி, என்ன கோணத்தில் இருக்கின்றன என்று அளந்து, உள்ளே இருக்கும் நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிடும். இதை பிளேட் சால்விங் என்பார்கள். நாகர்கோவில் ரயிலில் தூங்கி எழுந்தவர், ஜன்னல் வழியே மலை வரிசையைப் பார்த்த உடனே நாங்குநேரி தாண்டிவிட்டது என்று சொல்வார் அல்லவா, அதே வேலைதான். தனி ஒரு நட்சத்திரத்தின் பெயர் அதற்குத் தேவையில்லை, வடிவம் போதும். மூன்று நான்கு இடங்களில் வடிவம் பிடிபட்டால் முழு வானத்தின் கணக்கும் அதற்குக் கிடைத்துவிடும். எல்லாம் மூன்று நிமிடத்தில் முடியும்.

அமெச்சூர்கள் அதிகம் வைத்திருப்பது செலஸ்ட்ரான் நிறுவனத்தின் ஸ்டார்சென்ஸ் ஆட்டோஅலைன். அதே கருவி ஸ்கைவாட்சர் மவுண்டுகளுக்கும் தனியாக வந்தது. மீட் நிறுவனம் இந்த யோசனையை லைட்ஸ்விட்ச் என்ற பெயரில் தொலைநோக்கிக்குள்ளேயே வைத்து விற்றது. இந்த வழிகாட்டி ஸ்டார்சென்ஸை மையமாக வைத்தது என்றாலும், கோட்பாடு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பெயரில் ஒற்றுமை உள்ள ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர் வேறு பொருள். அது நம் கைப்பேசியைத் தாங்கியில் வைத்து, கையால் தள்ளும் தொலைநோக்கிக்கு வழிகாட்டுவது. வாங்கும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வாங்கும் முன்

உங்கள் மவுண்டின் கன்ட்ரோலர் (கையில் பிடித்து இயக்கும் பட்டன் பெட்டி) வயர், பிளக் மூலம் கழற்றி மாட்டும்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்சென்ஸோடு அதற்கென்றே ஒரு கன்ட்ரோலர் வரும், பழையதை எடுத்துவிட்டு அதை மாட்ட வேண்டும். சில பழைய சிறிய மாடல்களில் வயர் உள்ளேயே நிரந்தரமாக இணைந்திருக்கும், அவற்றுக்கு இது பொருந்தாது. அடுத்தது, ஆக்ஸ் என்று எழுதிய துளை. கேமரா அதில்தான் சேரும். ஒரே ஒரு ஆக்ஸ் துளைதான் இருக்கிறது, அதில் ஏற்கெனவே வைஃபை பெட்டி உட்கார்ந்திருக்கிறது என்றால் ஒன்றை இரண்டாக்கும் ஸ்ப்ளிட்டர் தனியாக வாங்க வேண்டும். பெட்டி வந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் இன்னொரு மாதம் காத்திருக்க நேரிடும்.

பகலில் முடிக்க வேண்டியவை

கருவியை மாட்டும் வேலையைப் பகல் வெளிச்சத்தில், வீட்டுக்குள் செய்யுங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் எந்த வயரையும் சொருக வேண்டும். கேமராவோடு பெரியதும் சின்னதுமாக இரண்டு தாங்கிகள் இருக்கும். உங்கள் குழாயில் ஃபைண்டர் (குறிபார்க்க உதவும் சின்னத் தொலைநோக்கி) உட்காரும் இடத்துக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்து, அசையாதபடி திருகை இறுக்குங்கள். கேமரா ஒரு முடி அசைந்தாலும் பிற்பாடு கணக்கு தவறும். லென்ஸின் ஃபோகஸ் தொழிற்சாலையிலேயே அமைத்துப் பூட்டப்பட்டு வருகிறது, அந்த வளையத்தைத் தொட வேண்டாம். பகலில் மூடியைப் போட்டே வையுங்கள். சூரியன் அந்தச் சிறு லென்ஸ் வழியாக விழுந்தாலும் சென்சாருக்குக் கேடு. தொலைநோக்கியின் முகப்பில் சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அப்புறம் மின்சாரம். என் அனுபவத்தில் நடந்த கோளாறுகளில் பாதி இதனால்தான். மவுண்டுக்குள் போடும் எட்டுச் சிறிய பேட்டரிகள் மோட்டார் ஓடத் தொடங்கியதும் சீக்கிரம் வற்றிவிடும். வோல்டேஜ் குறைந்தால் கருவி நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, அது தப்பான இடத்துக்குத் திரும்பிவிட்டுச் சரியாகத் திரும்பியதாகவே காட்டும். ஒரு பள்ளி நிகழ்ச்சியில் தொலைநோக்கி தானாகச் சுற்றிக்கொண்டே போனது. மென்பொருளைச் சந்தேகித்து ஒரு மணி நேரம் வீணாக்கினேன், குற்றவாளி பேட்டரி. யுபிஎஸ் பேட்டரி விற்கும் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும், ஒரு மாலை முழுக்கத் தாங்கும். செலஸ்ட்ரான் பிளக்கில் நடுமுனை பாசிட்டிவ். வயரில் ஒரு ஃப்யூஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளக் லூசாக இருந்தாலும் இதே கோளாறுதான் வரும். வயரை முக்காலியின் காலில் ஒரு துணிநாடாவால் கட்டிவிட்டால் யார் தடுக்கினாலும் பிளக் பிடுங்காது.

இடமும் நேரமும்

கன்ட்ரோலரை முதல்முறை இயக்கும்போது ஊர், நேரம், தேதி கேட்கும். இங்கே நிதானம் வேண்டும்.

திருநெல்வேலி நகருக்கு அட்சரேகை 8 டிகிரி 44 நிமிடம் வடக்கு, தீர்க்கரேகை 77 டிகிரி 42 நிமிடம் கிழக்கு. இந்தக் ‘கிழக்கு’தான் முக்கியம். அமெரிக்க நிறுவனத்தின் கருவி, தானாக மேற்கு என்று காட்டிக்கொண்டு நிற்கலாம். மாற்றாமல் விட்டால் உலகத்தின் மறுபக்கத்தில் நிற்பதாக அது நம்பும், தலைக்கு மேல் வியாழன் ஜொலிக்கும்போது அது அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது என்று அறிவிக்கும். அம்பாசமுத்திரம், களக்காடு, இராதாபுரம் என்று நீங்கள் எங்கே நின்றாலும், கைப்பேசியின் வரைபடத்தில் இருந்து எண்களைப் பார்த்துப் போடலாம். ஒரு முறை போட்டால் நினைவில் இருக்கும்.

தேதியில் மாதம் முதலில், நாள் அடுத்து. மார்ச் 5ஐ நாம் 05-03 என்று எழுதுவோம், அது 03-05 என்று எதிர்பார்க்கும். நம் வழக்கப்படி போட்டால் மே 3 ஆகிவிடும். கோடைக்கால நேரம் கேட்டால் ‘ஸ்டாண்டர்ட்’ என்பதையே எடுங்கள், நமக்கு அது கிடையாது. நேர மண்டலத்தில் ஐந்தரை மணி. உங்கள் கன்ட்ரோலர் பட்டியலில் அரை மணி நேரக் கணக்கு இல்லையென்றால் மண்டலத்தைச் சுழியம் ஆக்கிவிட்டு உலக நேரத்தைப் போடுங்கள்: இரவு 8 மணி என்றால் 14:30.

படத்தைப் பார்த்தே எல்லாம் கண்டுபிடிக்கும் கருவிக்கு நேரம் எதற்கு என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நட்சத்திரங்களுக்கு அது ஓரளவு சமாளித்துவிடும், நிலாவுக்கும் கோள்களுக்கும் முடியாது. நிலா ஒரு மணி நேரத்தில் தன் அகலத்தின் அளவு, அதாவது அரை டிகிரி, நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்கிறது. ஐந்தரை மணி நேரத் தவறு என்றால் ஏறத்தாழ மூன்று டிகிரி தள்ளிப்போகும். ‘நிலாகூட இதற்குத் தெரியவில்லையே’ என்று யாராவது சொன்னால் முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள்.

களத்தில், இருட்டும்போது

நம் அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். மறைந்து ஒன்றேகால் மணி நேரத்தில் வானம் முழு இருட்டு. நட்சத்திரங்கள் ஓரளவு நிறைந்து தெரிந்தால் போதும், முக்கால் மணி நேரத்திலேயே தொடங்கலாம்.

முக்காலியை உறுதியான தரையில் வையுங்கள். சிமெண்ட் தரை நல்லது, மொட்டைமாடி அவ்வளவு நல்லதல்ல, யார் நடந்தாலும் ஆடும். தேரி மணலில் நிறுத்தினால் கால்கள் மெல்லப் புதையும், கால்களுக்குக் கீழே செங்கலோ பலகைத் துண்டோ வையுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றால் மட்டம் பாருங்கள். இந்தக் கருவிக்கு மட்டம் அவ்வளவு கறாராகத் தேவையில்லை, ஆனால் மட்டமாக நின்றால் கணக்கு சுத்தமாக வரும். திசைகாட்டி வேண்டாம், எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் சரி.

கேமராவின் மூடியைக் கழற்றுங்கள். இதை மறந்து பத்து நிமிடம் போராடுபவர்கள் நிறைய. தெருவிளக்கோ எல்இடி டியூபோ லென்ஸில் நேரடியாக விழாமல் நிறுத்துங்கள். பிறகு அலைன் பட்டனை அழுத்தி, ‘ஸ்டார்சென்ஸ் ஆட்டோ’ என்பதைத் தேர்ந்தெடுத்து, கையை எடுத்துவிடுங்கள். மவுண்ட் திரும்பும், நிற்கும், படம் எடுக்கும், மறுபடி திரும்பும். அதற்கிடையில் குழாயைத் தொடவோ ஐபீஸில் எட்டிப்பார்க்கவோ கூடாது. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்களுக்கு அது திரும்புவதைப் பார்ப்பதே பெரிய காட்சி.

ஓரிடத்தில் மேகமோ மரமோ குறுக்கிட்டால் அது வேறு இடம் தேடும். வாழைத்தோப்புக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே கொஞ்சம் வானம்தான் கிடைக்கிறது என்றால் ‘ஸ்டார்சென்ஸ் மேனுவல்’ முறை உதவும். அதில் திறந்த வானம் இருக்கும் இடத்துக்கு நீங்களே அம்புக்குறிப் பட்டன்களால் திருப்பிப் படம் எடுக்கச் சொல்லலாம். ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும்படி மூன்று நான்கு இடங்கள் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூலையில் எடுத்தால் எதிர்ப்பக்கம் தவறு கூடும். முழு நிலா அன்று நிலாவுக்கு அருகில் போகாதீர்கள்.

பலர் தவறவிடும் படி: மையம் சரிபார்த்தல்

கேமரா ஒரு கண், தொலைநோக்கி இன்னொரு கண். இரண்டும் ஒரே திசையை அப்படியே பார்ப்பதில்லை. கேமராவின் பார்வை ஏறத்தாழ 7 டிகிரி அகலம். ஆனால் 2032 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்ட 8 அங்குலத் தொலைநோக்கியில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 81 மடங்கு பெரிதாக்கம், கண்ணுக்குத் தெரியும் வானமோ சுமார் 0.6 டிகிரிதான். தாங்கி ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் கருவி தன் கணக்கில் சரியாகத்தான் திரும்பியிருக்கும், நமக்கோ ஐபீஸில் வெறும் இருட்டு. ‘பணம் வீண், கருவி வேலை செய்யவில்லை’ என்று பெட்டியில் போட்டு வைத்தவர்கள் இந்த ஒரு படியைத்தான் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

முதல் அலைன்மென்ட் முடிந்ததும் பிரகாசமான ஒரு நட்சத்திரத்துக்குப் போகச் சொல்லுங்கள். அது ஐபீஸில் இருக்காது, முதல் இரவில் அது இயல்பு. குறைந்த பெருக்கம் கொண்ட ஐபீஸைப் போட்டு, தேவைப்பட்டால் குழாயின் ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்து, அம்புக்குறியால் அதைத் தேடிப் பிடியுங்கள். பிறகு அதிகப் பெருக்கம் கொண்ட ஐபீஸ், குறுக்குக்கோடு உள்ளது இருந்தால் மிக நல்லது. மோட்டார் வேகத்தைக் குறைத்து, நட்சத்திரத்தைச் சரியாக நடுவில் கொண்டுவாருங்கள். கடைசி நகர்த்தல் எப்போதும் மேல் பட்டனிலும் வலது பட்டனிலும் முடியட்டும், பல்சக்கரங்களின் நெகிழ்வு அப்போதுதான் ஒரே பக்கம் நிற்கும். இனி மெனுவில் கேமரா பகுதிக்குப் போய் ‘காலிபரேட் சென்டர்’ கொடுங்கள். முடிந்ததும் அலைன்மென்ட்டை மறுபடி ஒரு தடவை ஓட்டுங்கள். திரையில் காட்டும் எக்ஸ், ஒய் எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கருவிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள்.

கேமராவைத் தாங்கியிலிருந்து கழற்றாதவரை இந்த வேலை ஒரு முறைதான். கழற்றி மாட்டினாலோ, கரடுமுரடான பாதையில் வண்டியில் ஏற்றிப்போனாலோ ஒரு நட்சத்திரத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நட்சத்திரம்? இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கருவி ஆல்டேர் என்று சொல்வது நம் திருவோணம். செப்டம்பர் கடைசியில் இரவு 8 மணி வாக்கில் அது நெல்லையப்பர் கோயிலுக்கு மேலே, உச்சி வானத்திலிருந்து நிலாவின் அகலம்கூட விலகாமல் கடக்கிறது. பீட்டல்ஜூஸ் என்பது திருவாதிரை, பிப்ரவரி நடுவில் எட்டரை மணிக்கு அதுவும் ஏறக்குறைய நேர் உச்சி. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மையம் சரிபார்க்க இரண்டும் வேண்டாம். மேல்-கீழ், இட-வலமாகத் திரும்பும் மவுண்ட் நேர் உச்சியில் திணறும், அங்கே சிறிய நகர்வுக்கும் அடித்தட்டு பெரிதாகச் சுற்ற வேண்டியிருக்கும். பின்பக்க ஐபீஸ் அடித்தட்டில் இடிக்கவும் கூடும். 30 முதல் 60 டிகிரி உயரத்தில் நிற்கும் நட்சத்திரம் எடுங்கள். சித்திரை நட்சத்திரத்தைக் கருவி ஸ்பைக்கா என்றும், சுவாதியை ஆர்க்டூரஸ் என்றும், கேட்டையை அண்டாரிஸ் என்றும், ரோகிணியை ஆல்டிபரான் என்றும், மகத்தை ரெகுலஸ் என்றும் சொல்லும். ஜாதகத்தில் தினமும் புழங்கும் பெயர்கள் இவை. கருவி தானே வழி கண்டுபிடிக்கிறது என்பதற்காக இவற்றை வானத்தில் அடையாளம் காணும் பழக்கத்தை விடக்கூடாது. கருவி தவறினால் தவறு என்று சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈக்குவடோரியல் மவுண்ட் வைத்திருப்பவர்களுக்கு

ஓர் அச்சை வானத்தின் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் மவுண்ட் இது, நீண்ட நேர ஒளிப்படம் எடுப்பவர்களுக்கு மட்டும். மவுண்டின் அச்சை நம் அட்சரேகையான 8.7 டிகிரிக்குத் தாழ்த்த வேண்டும், எல்லா மவுண்டும் அவ்வளவு தாழாது. செலஸ்ட்ரான் அட்வான்ஸ்டு விஎக்ஸ் 7 டிகிரி வரை இறங்கும், 15 டிகிரியோடு நின்றுவிடுபவையும் உண்டு. வாங்கும்போது இந்த எண்ணைக் கேளுங்கள். எடைக்கல் தொங்கும் தண்டு முக்காலியின் காலில் இடிக்கிறதா என்றும் சுற்றிப் பாருங்கள். துருவ நட்சத்திரம் பனைக்குப் பின்னால் இருந்தாலும் பாதகமில்லை. அலைன்மென்ட் முடிந்த பிறகு மெனுவில் இருக்கும் போலார் அலைன் வசதி, வேறொரு பிரகாசமான நட்சத்திரத்தை வைத்தே அச்சைத் திருத்தித் தரும். கண்ணால் பார்க்க மட்டும் தொலைநோக்கி வைத்திருப்பவர் இந்தப் பாடு படத் தேவையே இல்லை.

தோல்வி வந்தால்

நட்சத்திரங்கள் போதவில்லை என்று செய்தி வந்தால் மூடி, பனி, மெல்லிய மேகம், காற்று என்ற வரிசையில் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் மார்கழி, தை இரவுகளில் லென்ஸில் ஈரம் படியும். ஒரு கறுப்புத் தாளைச் சுருட்டி லென்ஸைச் சுற்றிக் குழலாக வைத்தாலே பெரிதும் தடுக்கலாம். ஆனி, ஆடிக் காற்று வேறு கதை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைப் பக்கமும் புகுந்து வரும் அந்தக் காற்றில் குழாய் ஆடும், படத்தில் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாக விழும், கருவிக்கு வடிவம் பிடிபடாது. சுவரின் மறைவில், முக்காலியின் கால்களை நீட்டாமல் குட்டையாக வைத்துப் பாருங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து தை பிறந்ததிலிருந்து சித்திரை வரை நமக்கு நல்ல வானம், புதிய கருவியை அப்போது பழகுங்கள். மழை மாதங்களில் பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு வைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

யாராவது முக்காலியில் இடித்துவிட்டால் கோபப்பட வேண்டாம். மறுபடி அலைன் அழுத்தினால் மூன்று நிமிடம்.

இந்தத் துணைக்கருவிக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள், ஏற்கெனவே ஒளிப்படக் கேமராவும் மடிக்கணினியும் வைத்திருந்தால் அஸ்டாப் என்ற இலவச மென்பொருளால் அதே பிளேட் சால்விங்கைச் செய்துகொள்ளலாம். அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் என்ற சேவையில் படத்தை ஏற்றினாலும் அது வானத்தின் எந்த இடம் என்று சொல்லிவிடும். வயர்களும் பொறுமையும் அதிகம் தேவைப்படும், கற்றுக்கொள்வதும் அதிகம்.

முதல் நல்ல இரவில் எங்கே திருப்புவது

பிப்ரவரி நடுவில் என்றால் இரவு 9 மணிக்குத் தெற்கே கனோபஸ் என்று கொடுங்கள். அகத்தியர் நட்சத்திரம் 28 டிகிரி உயரத்தில் நிற்கும். லண்டனில் இருப்பவர் அதை ஒருநாளும் காண முடியாது. மே கடைசியில் 9 மணி தாண்டி ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே 34 டிகிரிக்கு ஏறும், 8 அங்குலத் தொலைநோக்கியில் சீனியைக் கொட்டியதுபோல் தெரியும்.

பங்குனி நடுவில் கடையம் பக்கம் போக முடிந்தால், 10 மணிக்குப் பிறகு அகத்தியரை மறுபடி கேளுங்கள். குழாய் மெல்லத் தாழ்ந்து தென்மேற்கே, பொதிகை இருக்கும் திசையில் போய் நிற்கும்.